யாழ்ப்பாண அலுவலகத்துக்குள் ஏஐ: பொறுப்பில் இருப்பவர் செய்ய வேண்டியவை

உங்கள் நிறுவனத்தில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) பாவனை அநேகமாக ஏற்கெனவே தொடங்கியிருக்கும். கொழும்பிலிருந்து வந்த சிங்களக் கடிதத்தை யாரோ ஒருவர் கைத்தொலைபேசியில் படமெடுத்து, சொந்தக் கணக்கில் ஏற்றி, வந்த தமிழைக் கோப்பில் போட்டிருப்பார். கொடையாளருக்குப் போன ஆங்கில அறிக்கையின் பாதியைச் சாட்ஜிபிடி எழுதியிருக்கும். ஆகவே கொண்டுவருவதா விடுவதா என்று நெறியாளர் சபையில் வாதிட்டு நேரத்தைப் போக்காதீர்கள். தீர்மானிக்க வேண்டியவை நான்கு: எந்த வேலைக்கு, யாருடைய கணக்கில், எந்தத் தகவலைக் கொடுத்து, கடைசியில் யார் வாசித்துக் கையெழுத்திடுவது. நான்காவதற்கு ஒரு பெயர் இல்லையென்றால் மற்ற மூன்றுக்கும் செலவழிக்கும் பணம் வீண்.

கீழே உள்ளவை 10 முதல் 100 பேர் வரை வேலை செய்யும் இடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை: பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், சிக்கனக் கடனுதவிச் சங்கம், தனியார் வைத்தியசாலை, தொண்டு நிறுவனம், கல்வி நிலையம், ஸ்ரான்லி வீதியில் நாலு கிளை உள்ள வியாபாரம்.

முதல் இரண்டு வாரம்: கணக்கெடுப்பு

அரை மணி நேரக் கூட்டம் ஒன்று வையுங்கள். இதுவரை பாவித்ததற்கு யார் மீதும் நடவடிக்கை இல்லை என்பதைத் தலைவரே சொல்ல வேண்டும், எழுத்திலும் தர வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால் படிவத்தில் எல்லோரும் "பாவிப்பதில்லை" என்றே எழுதுவார்கள். படிவத்துக்கு ஒரு தாள் போதும், ஐந்து நிரல்: வேலை, பாவித்த செயலி, யாருடைய கணக்கு, உள்ளே கொடுத்த தகவல், வெளியே வந்தது எங்கே போனது. கடைசி நிரலில்தான் ஆபத்து தெரியும். தனக்கு விளங்கிக்கொள்ள மட்டும் ஒருவர் மொழிபெயர்த்துப் பார்ப்பதும், அதே மொழிபெயர்ப்பு கடன் கோப்பில் ஆவணமாக ஏறுவதும் ஒன்றல்ல.

அதே இரண்டு வாரத்தில் ஒவ்வொரு பிரிவும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைக் கோடு போட்டு எண்ணட்டும். எத்தனை கடிதம், ஒன்றுக்கு எத்தனை நிமிடம், எத்தனை திரும்பி வந்தது, ஏன் தாமதம். இதைப் பலர் தவிர்க்கிறார்கள். கருவி வந்த பின் பழைய வேகத்தை அளக்க வழியில்லை. ஆறு மாதம் கழித்து "பயன் கிடைத்ததா" என்று பொதுச்சபையில் யாராவது கேட்டால் மனப்பதிவைத்தான் சொல்ல வேண்டிவரும்.

எந்த வேலையில் தொடங்குவது

மூன்று நிபந்தனைகளும் பொருந்தும் வேலையைத் தெரிவு செய்யுங்கள். வாரத்தில் பத்துத் தடவையாவது வர வேண்டும். பிழை இருந்தால் அலுவலகத்திலேயே ஒருவர் பார்த்துப் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தப் பிழை வாசலைத் தாண்டும் முன் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்தச் சல்லடையில் தேறுபவை: ஆங்கில அறிக்கையின் முதல் வரைவு, கூட்டக் குறிப்பு, நீண்ட சுற்றறிக்கையின் சுருக்கம், வாடிக்கையாளருக்கு அடிக்கடி போகும் பதில்கள், பொருட்பட்டியலை ஒழுங்குபடுத்தல். தேறாதவை: யாருக்குக் கடன் கொடுப்பது, நேர்முகத் தேர்வுக்கு யாரைக் கூப்பிடுவது, மாணவருக்குப் புள்ளியிடுவது, மருந்தின் அளவு. இரண்டாவது பட்டியலில் முதலாவது ஆண்டில் கை வைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு. நிராகரிக்கப்பட்டவர் ஏன் என்று கேட்கும்போது அலுவலகத்திடம் காரணம் இருக்க வேண்டும். கருவியைக் கேட்டால் அது ஒரு காரணத்தைச் சொல்லும்தான். ஆனால் அந்தக் காரணத்தால்தான் அந்த விடை வந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சிங்களக் கடிதத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது அலுவலகத்தில் இருந்தால் இது மிக நல்ல தொடக்க வேலை. யாருமே இல்லையென்றால் இரண்டாவது நிபந்தனை உடைகிறது. அப்போது கடிதம் எதைப் பற்றியது, கடைசித் திகதி எப்போது, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பிரிப்பதற்கு மட்டும் ஏஐயைப் பாவியுங்கள். நடவடிக்கை எடுக்க முன் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள், அல்லது அனுப்பிய அரச அலுவலகத்திடம் தமிழ்ப் பிரதியைக் கேட்டு எழுதுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

கோப்புகளைச் சீர்செய்தல்

யாழ்ப்பாணத்து அலுவலகங்களில் ஏஐ சறுக்கும் முதல் இடம் பாமினி. பாமினி எழுத்துருவில் ரைப் செய்த கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். அதைக் கொடுத்தால் சில கருவிகள் "வாசிக்க முடியவில்லை" என்று சொல்லும். சில, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்து மிச்சத்தை ஊகித்து எழுதிவிடும், கேடு அதில்தான். கண்டுபிடிக்க எளிய வழி: கோப்பிலிருந்து ஒரு வரியைப் பிரதிசெய்து வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழ் வந்தால் யூனிகோட், அதாவது எல்லாக் கணினியும் ஒரேவிதமாக வாசிக்கும் பொதுக் குறியீட்டு முறை. ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால் பாமினி அல்லது அதுபோன்ற பழைய எழுத்துரு.

மாற்றுவதற்கு இணையத்தில் மாற்றிகள் உண்டு. ஆனால் பாமினியில் அரைப்புள்ளிக் குறிதான் மெய்யெழுத்தின் புள்ளி. கலந்து எழுதிய ஆங்கிலச் சொற்களும் நிறுத்தக்குறிகளும் மாற்றும்போது குழம்பும். இலக்கம், மின்னஞ்சல் முகவரி, அடைப்புக்குறி உள்ள வரிகளைக் கண்ணால் பாருங்கள். பிடிஎஃப் மட்டுமே இருந்தால் அதிலிருந்து எழுத்தைப் பிரதிசெய்ய முயல வேண்டாம். அச்செடுத்து 300 டிபிஐயில் ஸ்கான் செய்து, படமாகவே வாசிக்கக் கொடுப்பது நல்லது. மங்கிய காபன் பிரதியும் கையெழுத்துப் பதிவேடும் நம்பகமாக வராது. அவற்றை முதற்கட்டத்தில் விட்டுவிடுங்கள்.

பழையது எல்லாவற்றையும் மாற்றப் புறப்பட்டால் வேலை முடியாது. ஒரு திகதி குறித்து, அன்று முதல் எழுதும் கடிதம் எல்லாம் யூனிகோட்டில் என்று ஆணையிடுங்கள். பாமினியில் விரல் பழகிய மூத்த எழுதுநர்களுக்கு இதில் பெரிய தயக்கம் இருக்கும். பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட் எழுதும் மென்பொருள்கள் உள்ளன. இ-கலப்பை அவற்றில் ஒன்று. அதை முதலில் நிறுவிக் கொடுத்துவிட்டு ஆணையை வெளியிடுங்கள். விரலை மாற்றத் தேவையில்லை என்று தெரிந்தால் எதிர்ப்பு பெருமளவு குறையும்.

சொற்பட்டியல்

ஏஐ கருவிகள் இணையத்தில் கிடைத்த தமிழைப் படித்தவை. அதில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. எனவே ஒன்றும் சொல்லாமல் கேட்டால் திணைக்களம் "துறை" ஆகும், முகாமையாளர் "மேலாளர்" ஆவார், கணக்காய்வு "தணிக்கை" ஆகும், பற்றுச்சீட்டு "ரசீது" ஆகும், அரசாங்க அதிபருக்குப் போக வேண்டிய கடிதம் "மாவட்ட ஆட்சியர்" என்று தொடங்கும். 100,000 என்பதை 1,00,000 என்று பிரிக்கவும் கூடும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் சிறியவைதான். ஆனால் இப்படி ஒரு கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போனால் எழுதியவர் வாசிக்கவேயில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

150 சொல் வரை உள்ள பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். இடது பக்கம் ஆங்கிலமும் சிங்களமும், வலது பக்கம் உங்கள் அலுவலகம் எழுதும் தமிழ். பதவிப் பெயர்கள், திணைக்களங்கள், படிவப் பெயர்கள், உங்கள் கிளைகள், அடிக்கடி வரும் ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாம் அதில் வரட்டும். ஓய்வுபெறப் போகும் தலைமை எழுதுநர் ஒருவர் இருந்தால் இந்தப் பட்டியலை அவரிடமே ஒப்படையுங்கள். அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்.

காணி அளவை ஏஐ மாற்றவே கூடாது. 16 பரப்பு ஒரு ஏக்கர், அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். இந்த வழக்கைக் கருவி அறிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். மாற்ற வேண்டியிருந்தால் எக்செல் தாளில் சூத்திரம் போட்டு மாற்றுங்கள். திகதியும் அப்படித்தான்: 03/04 என்பது இங்கே ஏப்ரல் 3, கருவி மார்ச் 4 என்று எடுக்கலாம். மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும் என்ற விதியோடு இந்தத் தொல்லை தீரும். பெயரில், தந்தை பெயர் முன்னே வரும் எங்கள் வழக்கத்தைக் கருவி குடும்பப் பெயர் என்று புரட்டிவிடும். ஒருவருடைய பெயர் அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் பாஸ் புத்தகத்தில் இன்னொன்றிலும் இருப்பது சாதாரணம். ஆகவே பெயரை வைத்து இரண்டு பதிவுகளை ஒன்றாக்கும் வேலையை ஏஐயிடம் கொடுக்காதீர்கள். உறுப்பினர் இலக்கத்தை வைத்துப் பொருத்துங்கள்.

கருவியிடம் வேலையைச் சொல்லும் கட்டளையையும் எழுதி வைத்து எல்லோரும் அதையே பாவிக்கச் செய்யுங்கள். சிங்களக் கடிதத்துக்கு இது போதும்:

"இந்தக் கடிதத்தை இலங்கை அரச அலுவலகத் தமிழில் மொழிபெயர்க்கவும். இணைத்துள்ள சொற்பட்டியலைப் பின்பற்றவும். தொகை, திகதி, கடித இலக்கம் மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். தெளிவில்லாத இடத்தில் ஊகிக்காமல் 'தெளிவில்லை' என்று எழுதவும். மறுப்பு, விலக்கு, நிபந்தனை கூறும் வசனங்களை முடிவில் மூலத்தோடு சேர்த்துத் தனியாகப் பட்டியலிடவும்."

கடைசி வரிக்குக் காரணம் உண்டு. மொழிபெயர்ப்பில் மிகவும் கேடு செய்யும் பிழை "வழங்கப்படமாட்டாது" என்பது "வழங்கப்படும்" ஆவது. தனியாகப் பட்டியலிட்டால் சரிபார்ப்பவரின் கண் அங்கே நிற்கும்.

எதை உள்ளே கொடுக்கக் கூடாது

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) இலங்கையில் உண்டு; அது திருத்தப்பட்டும் வருகிறது. உங்கள் நிறுவனத்துக்கு எந்தப் பிரிவுகள் எப்போது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அதுவரை காத்திருக்காமல் உள்ளக விதியை இன்றே எழுதலாம். உடல்நலத் தகவல், சிறுவர் பற்றிய தகவல், வங்கிக் கணக்கு, கடன் நிலுவை, அடையாள அட்டை இலக்கம் ஆகியவை பொதுக் கருவிக்குள் போகக் கூடாது.

பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அடையாள அட்டை இலக்கத்தை மறந்துவிடுகிறார்கள். 12 இலக்கப் புதிய வடிவில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 9 இலக்கப் பழைய வடிவிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கம். பெயரே இல்லாமல் பிறந்த திகதியும் பாலினமும் அதில் இருக்கின்றன. ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குள் ஆளைக் கண்டுபிடிக்க அதுவே போதும். எனவே பெயருக்கு "விண்ணப்பதாரர் 1" என்று போடும்போது இலக்கத்தையும் முகவரியையும் நீக்குங்கள்; எது யாருடையது என்ற திறவுதாள் அலுவலக அலுமாரியில் இருக்கட்டும்.

இலவசக் கணக்குகளில் நீங்கள் கொடுப்பதைக் கருவியைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளும் அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கக் கூடும். நிறுவனங்களுக்கான கட்டணக் கணக்குகளை விற்கும் பெரிய சேவைகள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை என்று ஒப்பந்தத்தில் சொல்கின்றன. அந்த வரியை நீங்களே தேடி வாசித்த பின் வாங்குங்கள்.

செலவு

தனியாள் கட்டணக் கணக்கு தலைக்கு மாதம் 20 டொலர் அளவில். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 6,000 ரூபாய். ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 360,000. எல்லோருக்கும் ஒரேயடியாக வாங்காதீர்கள். பாவனை அளவுக்குக் கட்டணம் அறவிடும் சேவையாக இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கருவிகள் எழுத்தைத் துண்டுகளாக வெட்டித் துண்டுக்கு விலை போடுகின்றன. அதே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதல் துண்டாகும். "யாழ்ப்பாணம்" என்பது எங்களுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு 11 குறிகள், யூனிகோட்டில் சேமிக்கும்போது 33 பைட். கொம்பனி காட்டும் விலைமதிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துப் போட்டது. உங்கள் தமிழ்க் கடிதங்களில் இருபதைக் கொடுத்து எண்ணிப் பார்த்த பிறகு வரவுசெலவில் தொகை குறியுங்கள்.

எட்டு வாரப் பரீட்சார்த்தம்

ஒரு பிரிவு, ஒரு வேலை, மூன்று அல்லது நான்கு பேர். ஆர்வமுள்ள இளையவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். அந்த வேலையின் நெளிவுசுளிவு தெரிந்த மூத்தவர் ஒருவராவது வேண்டும், சந்தேகப்படுபவராக இருந்தால் இன்னும் நல்லது. கருவி எங்கே பொய் சொல்கிறது என்பதை அவர்தான் முதலில் பிடிப்பார்.

ஏற்கெனவே மனிதர் சரியாக முடித்த 60 பழைய கடிதங்களை எடுத்து, தனிப்பட்ட தகவலை நீக்குங்கள். 40ஐ வைத்துக் கட்டளையையும் சொற்பட்டியலையும் திருத்துங்கள். மிச்சம் 20ஐ ஒருவரும் தொடாமல் பூட்டி வையுங்கள். நான்காவது வாரம் அவற்றில் சோதியுங்கள். திருத்தப் பயன்பட்ட கடிதங்களிலேயே சோதித்தால் முடிவு எப்போதும் அழகாகத்தான் வரும்.

பிழைகளை மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். முதல் வகை: தொகை, திகதி, பெயர், மறுப்பு மாறியவை, மூலத்தில் இல்லாததைச் சேர்த்தவை. இரண்டாவது: கருத்து மங்கியவை. மூன்றாவது: நடைப் பிழைகள். சராசரி போடாதீர்கள். முப்பது நடைப் பிழையைப் பொறுக்கலாம். கடன் மீள்செலுத்தும் திகதி ஒன்று மாறினால் பொறுக்க முடியாது. 20 கடிதத்தில் முதல் வகைப் பிழை ஒன்றுமே வரவில்லை என்றாலும் துள்ள வேண்டாம். புள்ளிவிபரக் கணக்கின்படி 20இல் சுழியம் என்பது, உண்மைப் பிழைவீதம் ஏறத்தாழ 14 சதவீதம் வரை இருப்பதற்கும் இடம் கொடுக்கும். 100இல் சுழியம் வந்தால் அந்த எல்லை 3 சதவீதமாகக் குறையும். அதனால்தான் மிச்சம் நான்கு வாரமும் நிஜக் கடிதங்களில், ஒவ்வொன்றையும் முழுதாக வாசித்து எண்ண வேண்டும்.

கூட்டக் குறிப்பைப் பரீட்சிப்பவர்களுக்கு: பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் எங்கள் பேச்சுத் தமிழில் தடுமாறும். மின்விசிறிச் சத்தமும் இருவர் ஒன்றாகக் கதைப்பதும் சேர்ந்தால் தடுமாற்றம் கூடும். மௌனமான இடைவெளியில் யாரும் சொல்லாத வசனத்தை எழுதிவிடும் குணமும் இவற்றுக்கு உண்டு. ஒலிவாங்கி பேசுபவரிடமிருந்து ஒரு மீற்றருக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு தீர்மானத்தையும் தலைவர் முடிவில் மெதுவாக, தொகையோடும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடும் திரும்ப வாசிக்கட்டும். செயலாளர் அந்த வரிகளைக் கையால் எழுதட்டும். கூட்ட அறிக்கைக்கு மூலம் அந்தக் கையெழுத்துப் பிரதிதான். கருவி தந்தது உதவிக்கு மட்டும். பதிவு செய்வதற்குக் கூட்டத் தொடக்கத்தில் எல்லோரிடமும் சம்மதம் கேட்டு அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

கையெழுத்து

ஏஐ வரைவு எதுவும் கையெழுத்தின்றி வெளியே போகக் கூடாது. கையெழுத்திட்டவரே பொறுப்பு, "கருவி அப்படித் தந்தது" என்பது விளக்கமாக ஏற்கப்படாது. இதை ஒரு பக்கச் சுற்றறிக்கையாக விடுங்கள்.

ஆனால் விதி எழுதியதோடு காரியம் முடியாது. முதல் இரண்டு வாரம் எல்லோரும் வரி வரியாக வாசிப்பார்கள். கருவி நன்றாகச் செய்வதைக் கண்டதும் ஐந்தாவது வாரத்தில் மேலோட்டமாகப் பார்த்து ஒப்பமிடத் தொடங்குவார்கள். இது சோம்பலல்ல, மனித இயல்பு. சரியாகவே வந்துகொண்டிருப்பதைக் கண் தேடிப் பார்க்காது. அதனால் வாரம் இரண்டு கடிதத்தில் வேண்டுமென்றே ஒரு தொகையையோ திகதியையோ மாற்றி வையுங்கள். இப்படிச் செய்யப்போவதை எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவியுங்கள். எந்தக் கடிதம் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். மாற்றியதைக் குறித்து வைத்து, அனுப்ப முன் மீட்டெடுக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். பிடிபடாதவை கூடினால் ஆளைக் கண்டிக்காமல் ஆளுக்கு ஒரு நாளில் வரும் கடித எண்ணிக்கையைக் குறையுங்கள். சரிபார்க்க எடுக்கும் நேரத்தையும் சேமித்த நேரத்தில் கழியுங்கள். அப்படிக் கழித்தபின் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அந்த வேலைக்கு ஏஐ வேண்டாம், அடுத்த வேலையைப் பாருங்கள்.

ஊழியர்கள்

வேலை போய்விடுமோ என்ற பயத்தை ஒருவரும் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கருவியைப் பற்றிய குறையாகத்தான் அது வெளியே வரும். தலைவர் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். பரீட்சார்த்தக் காலத்தில் ஆட்குறைப்பு இல்லை என்றால் அதைச் சபைத் தீர்மானமாக எடுங்கள். அதற்கு அப்பால் உறுதி தர முடியாவிட்டால் தராதீர்கள். பொய் உறுதி ஒன்று உடைந்தால் அடுத்த மாற்றம் எதையும் அந்த அலுவலகத்தில் செய்ய முடியாது. மிஞ்சும் நேரம் எங்கே போகும் என்பதையும் சொல்லுங்கள்: தேங்கிக் கிடக்கும் கோப்புகளுக்கா, முன்மேசையில் வயதானவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கவா. எல்லாம் கூடுதல் கடிதமாகத் திரும்பி வந்தால் யாரும் ஒத்துழைக்கமாட்டார்கள்.

பயிற்சி தமிழிலேயே இருக்கட்டும். ஒன்றரை மணி நேர அமர்வு நான்கு, ஒவ்வொருவரும் தங்கள் சொந்த வேலையைக் கொண்டுவந்து செய்து பார்க்க வேண்டும். ஒரு அமர்வு முழுவதும் கருவி பிழைவிட்ட உதாரணங்களுக்கு. சபை உறுப்பினர்களும் அதில் ஒன்றிலாவது இருந்து தாங்களே ஒரு கடிதம் செய்து பார்க்க வேண்டும்.

விரிவாக்க முன்

எட்டாவது வார முடிவில் மூன்று எண்ணைச் சபை முன் வையுங்கள்: ஒரு கடிதத்துக்கு முன்பு எடுத்த நிமிடமும் இப்போது எடுப்பதும் (சரிபார்ப்பு உட்பட), முதல் வகைப் பிழையின் எண்ணிக்கை, மாதச் செலவு. எந்த எண்ணுக்கு மேல் போனால் நிறுத்துவது என்பதைப் பரீட்சார்த்தம் தொடங்க முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டும். பணமும் முகமும் செலவான பிறகு எல்லை நகர்ந்துகொண்டே போகும்.

வெளியாரிடம் மென்பொருள் செய்விப்பதென்றால் ஒப்பந்தத்தில் நான்கு வரி கட்டாயம்: தரவு உங்களுடையது, விலகும்போது யூனிகோட் எக்செல் அல்லது சிஎஸ்வி வடிவில் முழுதாகத் திருப்பித் தர வேண்டும், உங்கள் தரவை வைத்து வேறு வாடிக்கையாளருக்கான கருவியைப் பயிற்றுவிக்கக் கூடாது, பின்னணியில் விடையை உருவாக்கும் ஏஐ மாதிரியை (model) மாற்றினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மாதிரி மாறிய அன்று, பூட்டி வைத்த அந்த 20 கடிதத்தை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். முந்திய மாதிரி சரியாகச் செய்ததைப் புதியது பிழைவிடுவதுண்டு.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு யதார்த்தம்: நன்றாகப் பழகிய இளைஞர் ஒருவர் ஒரு வருடத்துக்குள் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடலாம். எனவே ஒவ்வொரு வேலைக்கும் தெரிந்தவர் இருவர் இருக்கட்டும். கணக்கு நிறுவன மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். கடவுச்சொல்லை மீட்கும் தொலைபேசி இலக்கமும் நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். கட்டளைகள், சொற்பட்டியல், பிழைப் பதிவேடு மூன்றும் அலுவலகக் கணினியில் ஒரே கோப்புறையில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை அச்செடுத்துக் கோப்பிலும் இடுங்கள். பதவி விலகுபவரின் கையளிப்புப் பட்டியலில், திறப்புக் கோர்வைக்கு அடுத்த வரியாக இவற்றையும் சேருங்கள்.